“எந்த பஸ்ஸுப்பா இது?”
கண் மங்கும் வரை காத்திருப்பதா?

சென்னை பஸ் ஸ்டாப்புகளில் தினமும் கேட்கும் கேள்வி இது: “தம்பி, எந்த பஸ்ஸுப்பா வருது?” கேட்கிற பெரியவருக்கு எழுத்து தெரியும். கண்தான் தெரியவில்லை. காரணம், கண்புரை!

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். அது கலங்கிப் போவதுதான் புரை. வயதானால் யாருக்கும் வரலாம். அதை அடியோடு தடுக்க முடியாது. ஆனால் சீக்கிரமே வரவழைத்துக் கொள்வது நம்ம பழக்கம்தான்.

வெயில், பீடி, சர்க்கரை

நடைபாதை வியாபாரியும் டிராபிக் போலீஸ்காரரும் நாள் பூராவும் வெயிலில் நிற்கிறார்கள். புற ஊதாக் கதிர் லென்ஸைக் கெடுக்கும். தொப்பியோ குடையோ வேண்டும். கூலிங் கிளாஸ் வாங்கினால் அந்தக் கதிரைத் தடுப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் கறுப்புக் கலர் போதாது.

பீடி, சிகரெட் நெஞ்சைக் கெடுப்பது தெரியும். கண்ணையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் புரை முந்திக்கொண்டு வரும்.

சீட்டு இல்லாத சொட்டு மருந்து

கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, “ஒரு சொட்டு மருந்து குடுங்க” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஸ்டீராய்டு கலந்த மருந்தை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் அதுவே புரையைக் கொண்டுவரும். கண் அழுத்த நோயும் வரும். இந்த மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் புத்தகத்தில் தூங்கினால் போதுமா? அதிகாரிகள் கடை கடையாகச் சோதனை போட வேண்டும்.

“முத்தட்டும்” என்பது தப்பு

வந்த புரையை எந்தச் சொட்டு மருந்தும் கரைக்காது. இலைச்சாறும் கரைக்காது. சாறு விட்டால் கண் புண்ணாவதுதான் மிச்சம். ஆபரேஷன் ஒன்றே வழி. “புரை முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பது அந்தக் காலத்துப் பேச்சு. ரொம்ப முத்தினால் ஆபரேஷன்தான் சிக்கலாகும்.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏழைகளுக்கு அங்கே இலவசமாகவே ஆபரேஷன் செய்கிறார்கள்.

40 வயது தாண்டியவர்கள் கண்ணை டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் “எனக்கென்னப்பா, நல்லாத்தான் தெரியுது” என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் அதை நம்ப வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டு அழைத்துப் போகட்டும்!