பொய்யுரைக்கப் பழக்கும் வாயில்

பத்து அகவைச் சிறுவன் ஒருவன், இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டொன்றில் தனக்கெனக் கணக்குத் தொடங்க முற்படுகின்றான். திரையில் தோன்றும் முதற்கேள்வி, அவன் பிறந்த ஆண்டு எது என்பது. உண்மையைச் சொன்னால் வாயில் அடைபடும். அல்லது பெற்றோரின் இசைவு கேட்கப்படும். மூன்றாண்டுகளைக் கூட்டிச் சொன்னாலோ வாயில் அந்நொடியே திறந்துகொள்ளும். இதனை அவனுக்கு எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. ஆட்டத்தைக் கற்கு முன்னரே அவன் பொய்யைக் கற்றுவிடுகின்றான்.

அப்பொய் அன்றோடு முடிவதுமில்லை. பத்தில் தன்னைப் பதின்மூன்று எனப் பதிந்தவன், உண்மையில் பதினைந்தை எட்டும்பொழுது அக்கணக்கின்படி பதினெட்டு நிரம்பிய ஆளாகிவிடுகின்றான். பெரியவர்க்கெனத் திறந்துவிடப்பட்ட உரையாடலும் வாணிகமும் அவனுக்கும் திறந்துவிடப்படுகின்றன. அன்று சொன்ன பொய்யை அவன் மறந்துவிட்டான், கணக்கு மறக்கவில்லை.

இந்த 13 என்னும் எல்லை எங்கிருந்து வந்தது? குழந்தையின் உள்ளவளர்ச்சியை அளந்தோ, விளையாட்டின் தன்மையை எடைபோட்டோ அது வரையப்படவில்லை. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்த சிறுவர் இணையத் தனிமைக் காப்புச் சட்டம், 13 அகவை நிரம்பாதாரைப் பற்றிய செய்திகளைப் பெற்றோரின் இசைவின்றித் திரட்டலாகாது என்றது. நோக்கம் நன்றே. ஆனால், சிறுவர்க்கெனவே நடத்தப்பெறும் தளங்களையும், தம்மிடம் வருவோர் சிறுவரென மெய்யாகவே அறிந்திருக்கும் நிறுவனங்களையும் மட்டுமே அது கட்டுப்படுத்தியது. அறியாதவர்க்குக் கட்டில்லை; எனவே அறியாதிருப்பதே வணிகர்க்கு ஊதியமாயிற்று. பிறந்த ஆண்டைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதற்கு அச்சட்டமே இடந்தந்தது.

கண்ணை மூடிக்கொண்டதன் விளைவுக்குப் போர்ட்நைட்டு என்னும் விளையாட்டே சான்று. நூறு பேர் ஒரே களத்தில் இறங்கி ஒருவரையொருவர் வீழ்த்தும் அவ்வாட்டத்தை, எபிக்கு கேம்சு என்னும் அமெரிக்க நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. முன்பின் அறியாத அயலாரோடு குரலாலும் எழுத்தாலும் உரையாடும் வழி, சிறுவர்க்கும் தொடக்கத்திலிருந்தே திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதனை மூடி வைத்து, வேண்டுவோர் மட்டும் திறந்துகொள்ளுமாறு மாற்றுங்கள் என்று அந்நிறுவனத்தின் பணியாளர்களே 2017-இலேயே வலியுறுத்தினர். பின்னர் வைக்கப்பட்ட அடைப்பு விசையும் எளிதிற் கண்ணிற்படாத இடத்தில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் சிறுவர் பலர் அயலாரின் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாயினர். பெற்றோரின் இசைவின்றியே ஒரு விசையை அழுத்திப் பொருள் வாங்கவும் 2018 வரை சிறுவர்க்கு வழியிருந்தது. இவையெல்லாம் அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையம் அடுக்கிய குற்றச்சாட்டுகள். 2022 திசம்பரில் அந்நிறுவனம் 27.5 கோடித் தாலரைத் தண்டமாகச் செலுத்தவும், 24.5 கோடித் தாலரை வாங்கியோர்க்குத் திருப்பித் தரவும் இசைந்தது. சிறுவர்க்கும் பதின்பருவத்தினர்க்கும் உரையாடலை மூடியே வைத்தல் வேண்டும் என்பதும் அத்தீர்வில் அடங்கும். ஐந்தாண்டுகட்கு முன்பே பணியாளர் சொன்னது, ஐம்பத்திரண்டு கோடித் தாலர்த் தீர்வில் கட்டாயமாயிற்று.

அரசே கோலெடுத்தால் தீருமா? தென்கொரியா 2011-இல், 16 அகவை நிரம்பாதார் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது எனச் சட்டமிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் பதிவெண்ணைக் கொண்டு உள்ளே புகுந்தனர். ஆட்டமும் கணினியிலிருந்து கைப்பேசிக்கு மாறிற்று. 2022-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அச்சட்டம் நீக்கப்பட்டது. சீனா 2021-இல், 18 அகவை நிரம்பாதார் வெள்ளி, காரி, ஞாயிறு ஆகிய கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம் என்றது. அங்கும் தாத்தா பாட்டியர் பெயரிலான கணக்குகள் பேரப்பிள்ளைகளுக்குக் கைகொடுத்தன. பெரியவர் கணக்கில் இரவில் நெடுநேரம் ஆடுவோரின் முகத்தையே ஆராயும் நிலைக்குத் தென்செண்டு நிறுவனம் சென்றது.

இன்று அம்முக ஆய்வு எங்கும் பரவி வருகின்றது. சிறுவரே மிகுதியாகத் திரளும் இராபுளாக்சு தளம், உரையாட விரும்புவோர் முகங்காட்டி அகவையை மெய்ப்பிக்க வேண்டுமென 2026 சனவரி முதல் உலகெங்கும் கட்டாயமாக்கியது. பிறந்த ஆண்டைக் கேட்டு ஏமாறுவதினும் இது மேல் எனலாம். ஆனால் குழந்தையைப் பற்றிய செய்திகளைத் திரட்டலாகாது எனப் பிறந்த காவல், குழந்தையின் முகத்தையே கேட்டு வாங்குவதில் வந்து நிற்கின்றது. இம்முரண் எளிதில் விழுங்கத் தக்கதன்று.

குறை வாயிலில் மட்டும் இல்லை, உள்ளே இருக்கின்றது. அயலார் உரையாடலும் விலைபேசும் விசையும் எல்லார்க்கும் மூடியே இருக்குமாயின், வாயிலில் சொன்ன பொய்யால் விளையும் கேடு சிறிதாகும். எவர் நுழைந்தாலும் முதலில் சிறுவர்க்குரிய காப்பே கிட்டவேண்டும். திறப்பதற்கே மெய்ப்பு வேண்டும். வீட்டைக் கட்டியவன் கிணற்றுக்குச் சுவர் எழுப்பாமல், தவழும் பிள்ளையின் அகவையைக் கேட்டுக்கொண்டிருப்பது அறமாகாது.

பெற்றோரின் இசைவும் உண்மை இசைவாதல் வேண்டும். இந்திய நடுவணரசின் 2023-ஆம் ஆண்டுத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், 18 நிரம்பாதார் அனைவரையும் சிறுவரென்று கொண்டு, மெய்ப்பிக்கத்தக்க பெற்றோர் இசைவைக் கட்டாயமாக்குகின்றது. சிறுவரைப் பின்தொடர்ந்து நோட்டமிடுவதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றது. இக்கடமைகள், 2025 நவம்பரில் ஒழுங்குகள் வெளிவந்ததிலிருந்து 18 திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமென வகுக்கப்பட்டுள்ளன. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாம் அட்டவணையில் உள்ள மொழியொன்றிலோ பெறும் உரிமையையும் அச்சட்டம் தந்துள்ளது. அவ்வட்டவணையில் தமிழும் உண்டு.

படித்தறிய இயலாத மொழியில் நீண்டு கிடக்கும் அறிவிப்பின் அடியில், பிள்ளை காட்டிய இடத்தில் தாய் விரல் வைப்பது இசைவன்று. அதுவும் ஒரு பொய்யே; அதனைச் சொல்ல வைப்பவன் நிறுவனத்தான். ஆகவே தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் அவ்வறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறுதல் வேண்டும். தமிழில் தராத தளத்திற்கு இசைவு தர மறுத்தல் வேண்டும். பிள்ளைக்காகப் பிறந்த ஆண்டைத் தாமே மாற்றிப் பதிந்து தரும் பெற்றோரும் அவ்வழக்கத்தை இன்றே விடுதல் வேண்டும். வாய்மையை வீட்டில் தொலைத்த பிள்ளைக்கு அதனை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.