வார்த்தைக்கு வெறும் ஏழு சதவீதமா?

போன செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு. வருகைப்பதிவு உண்டு என்று சொல்லிவிட்டதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர் கோட்டு சூட்டு, காதோரம் மைக் சகிதம் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பத்தாவது நிமிஷம் திரையில் அந்த வட்டப் படம் வந்தது. நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். வார்த்தை 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55. "ஆகவே என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, எப்படி நிற்கிறோம் என்பதுதான் முக்கியம்!" ஒரே கைதட்டல். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் தட்டினேன்.

அடுத்து என் நண்பனை மேடைக்குக் கூப்பிட்டார். பாகூர் பக்கத்துக் கிராமம், தமிழ் மீடியம், படிப்பில் புலி. இரண்டு வாக்கியம்தான் பேசியிருப்பான். "கையைக் கட்டக்கூடாது, தரையைப் பார்க்கக்கூடாது. இப்படி நின்றால் எந்த இன்டர்வியூவும் தேறாது" என்றார். அரங்கமே சிரித்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு செமினார் என்றாலே அவன் லீவு.

இந்தப் பதிவே அந்தக் கோபத்தில் எழுதுவதுதான்.

முதலில் அந்தக் கணக்கு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1967-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது அது. அங்கே யாரும் மேடையேறிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் பதிவு செய்து கேட்கவைத்தார்கள். முகங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். உணர்ச்சிகளையும் விருப்பு வெறுப்புகளையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே தெளிவாகச் சொல்லிவிட்டார். நம் பேச்சாளர்கள் காதில்தான் அது விழவில்லை.

ஆய்வை விடுங்கள். ஒரு சாயங்காலம் நம்ம கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் பேசிக்கொண்டு போவதைப் பாருங்கள். தோள் குலுக்கல், கைவீச்சு, முகபாவம் எல்லாம் உண்டு. 93 சதவீதம் புரிகிறதா? எனக்கு 'மெர்சி'க்கு மேல் ஒன்றும் புரிவதில்லை :-)

அப்படியென்றால் உடல்மொழி சும்மாவா? இல்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டுக்கென்றே தனி இயல் இருக்கிறது. நகை, அழுகை, அச்சம், பெருமிதம் என்று மொத்தம் எட்டு. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. நம்ம பயிற்சியாளர்கள் இதைத் தலைகீழாக்கி, முதுகை நிமிர்த்தினால் போதும், தன்னம்பிக்கை தானாக உள்ளே வந்துவிடும் என்கிறார்கள்.

அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோக் குரல் கிடையாது. அவர் இங்கிலீஷிலும் நம்ம ஊர் வாடை அடிக்கும். ஆனால் உறுதிமொழியை வரி வரியாகச் சொல்லி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவைப்பார். அவர் பேச்சு நம் வாய்க்கு வந்துவிடும். 2015 ஜூலை 27-ல் ஷில்லாங் ஐ.ஐ.எம்.மில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் சரிந்து விழுந்தார். வயது 83.

இன்னொருவர் பெரியார். 94 வயதில், மூத்திரக் குழாயோடு ஊர் ஊராகப் போய்க் கூட்டம் பேசியவர். 1973 டிசம்பர் 19-ல் சென்னை தியாகராய நகரில் கடைசிப் பேச்சு. நடுநடுவே வலியில் முனகியபடியே பேசி முடித்தார். ஐந்தே நாளில் இறந்துபோனார். அவர் கொள்கையை ஏற்கிறீர்களோ இல்லையோ, அந்த முனகலை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

இரண்டு பேரிடமும் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. அதற்காக உடம்பை வருத்திக்கொண்டார்கள். உடம்பு அதற்குச் சாட்சி சொன்னது. சாட்சி மட்டும் வந்து நின்று, வழக்கே இல்லையென்றால் என்ன பிரயோஜனம்?

பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசவேண்டும், எதிரே இருப்பவர்களைப் பார்க்கவேண்டும். சரி, பழகிக்கொள்வோம். அது கேட்பவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் பெரியவர்கள் முன்னால் கை கட்டி நிற்பதும் எங்கள் கிராமங்களில் மரியாதைதான். அதைக் கோழைத்தனம் என்று படித்தது யார் தப்பு?

கடைசியில் ஒரு தோழி எழுந்து கேள்வி கேட்டாள். "அருமையான கேள்வி" என்றது பேச்சாளரின் வாய். கண்ணோ கைக்கடிகாரத்தைப் பார்த்தது. அந்த ஒரு நொடி மட்டும் அவர் சொன்னது நிஜமாகிவிட்டது. அவர் வார்த்தையை யாரும் நம்பவில்லை.

டேய் நண்பா, அடுத்த செமினாருக்கு வா. வேண்டுமானால் கையைக் கட்டிக்கொண்டே பேசு. அன்றைக்குச் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடி. முதல் வரிசையில் நான் இருப்பேன்.