நின்ற நாளும் கசிந்த நாளும்

கொடைக்கானலில் குடியிருப்பவன் காரில் ஏசி கெட்டுப்போச்சு என்று சொன்னால் கீழே இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதிய பையனும் சிரித்தான். "மலையில ஏசி எதுக்கு சார்? கண்ணாடியை இறக்கி விட்டாப் போச்சு." மதுரை வெயிலில் வளர்ந்த பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வத்தலக்குண்டிலிருந்து டம்டம் பாறை தாண்டி, ஊத்து, பெருமாள்மலை என்று ஒருமுறை ஏறிப் பார்த்தால் அவனுக்கும் புரிந்துவிடும். வெளியே மேகம், உள்ளே நாலு பேர் விடும் மூச்சு. வெளிப்பக்கத்தை வைப்பர் பார்த்துக்கொள்ளும். உள்பக்கம் படிகிற ஆவியைத் துணியால் துடைத்தால் அடுத்த கொண்டை ஊசி வளைவு வரைக்கும்கூடத் தாங்காது. கண்ணாடியை இறக்கினால் மேகமே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏசியைப் போட்டால் காற்றிலுள்ள ஈரம் கூலிங் காயிலிலேயே தங்கிவிடுகிறது. வண்டிக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். அந்த உலர்ந்த காற்றை ஹீட்டரில் சூடாக்கி முன்கண்ணாடியில் அடித்தால் கொஞ்ச நேரத்தில் ரோடு தெரியும், எதிரே இறங்கி வருகிற கேரட் லாரியும் தெரியும். மலைக்காரனுக்கு ஏசி என்பது வைப்பருக்கு அண்ணன்.

அந்த அண்ணன்தான் வாரண்டி முடிந்த சூட்டோடு படுத்துவிட்டார்.

முதலில் பார்த்த கடையில், "கேஸ் கம்மி சார், ஃபில் பண்ணிட்டா சரியாயிரும்" என்றார்கள். தமிழ்நாட்டில் கார் ஏசி பற்றி அதிகம் சொல்லப்படுகிற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடக் குறைவதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் நிரப்புகிற கேஸ் சில வாரத்தில் ஆகாயத்துக்குப் போய்விடும். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, வாஸ்தவம். ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1,400 மடங்கு. நம் காசில் வானத்துக்குப் போர்வை.

அப்புறம் வத்தலக்குண்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேஜைக்கூட எடுக்கவில்லை. பானட்டைத் தூக்கி, டார்ச்சை அடித்து, கம்ப்ரசர் புல்லிக்குப் பின்னால் விரலை விட்டு வழித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்பாக, களிம்பு மாதிரி, எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து இறுகிய அழுக்கு. நகத்தால் சுரண்டினால் அடுக்கடுக்காக வந்தது. "இது நேத்து வந்த எண்ணெய் இல்ல தம்பி. வருசம் ஆயிருக்கும்."

அவர் சொன்ன சங்கதி இது. கேஸோடு கூடவே கம்ப்ரசருக்கான எண்ணெயும் சுற்றுகிறது. சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில் இருக்கும் சீலை நனைத்து வைப்பது அந்த எண்ணெய்தான். சீல் சரியில்லை என்றால் கேஸ் மெல்ல மெல்லக் கசியும், கூடவே எண்ணெயும் வரும், எண்ணெயில் புழுதி ஒட்டும். வெகு நாளைக்கு வண்டியில் எதுவும் தெரியாது, குளிர்ச்சி லேசாகக் குறையும், அவ்வளவுதான். அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரின் கிளட்ச்சைப் பிடிக்க விடாது. எண்ணெய் இல்லாமல் ஓடி கம்ப்ரசர் எரிந்துவிடக் கூடாதே என்ற பாதுகாப்பு அது. (1940 மாடல் பக்கார்ட் காரில்தான் முதன்முதலாக கம்பெனியே ஏசி வைத்துக் கொடுத்தது. அதில் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!)

ஆக, நோய் வந்தது வாரண்டி காலத்தில், உயிர் போனது அதற்குப் பிறகு. கம்பெனி கம்ப்யூட்டர் பார்ப்பதோ இரண்டாவது தேதியை மட்டும்.

"சிஸ்டத்துல வாரண்டி க்ளோஸ்னு காட்டுது சார்."

கவுன்டரில் சண்டை போட்டுப் பயனில்லை, அந்தப் பையனால் சிஸ்டத்தைத் திறக்க முடியாது. காகிதம்தான் பேசும். முந்தைய சர்வீஸின் ஜாப் கார்டில் "ஏசி கூலிங் குறைவு" என்று அவர்கள் கையெழுத்திலேயே இருந்தது. அன்று கேபின் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார்கள். அந்த கார்டின் நகல், கம்ப்ரசரின் எண்ணெய்க் கறை தெரியும் போட்டோ, சர்வீஸ் தவறாமல் விட்டதற்கான பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து டீலருக்கும் கம்பெனிக்கும் மெயில் அனுப்பினேன். வாரண்டி முடிந்த கையோடு வருகிற பெரிய ரிப்பேருக்குச் செலவில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்பதுண்டு. அதற்கு 'குட்வில்' என்று பெயர். எந்த போர்டிலும் எழுதியிருக்காது, கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் விலை கொடுத்த வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். உற்பத்தியிலேயே குறை என்று வாதிட்டால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள், அங்கேதான் நம்மில் பாதிப்பேர் சோர்ந்துபோகிறோம். வாரண்டிக்குள் எழுதிய ஜாப் கார்டு கையில் இருந்தால் பேச்சே வேறு.

கம்பெனித் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. மாதக்கணக்கில் ஏசி போடாத வண்டியில் சீல் காய்ந்து சுருங்கும். மைலேஜுக்குப் பயந்து சித்திரை முதல் ஆவணி வரை அந்தப் பொத்தானையே தொடாதவர்கள் மலையில் நிறையப் பேர்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு வேலையாக வெள்ளகவிக்குப் போனேன். காரை வட்டக்கானலில் விட்டுவிட்டு, டால்பின் நோஸ் தாண்டிக் கால்நடையாக இறக்கம். 1821-ல் லெப்டினன்ட் வார்டு மலையை அளக்க மேலே ஏறியது இந்த வெள்ளகவியிலிருந்துதான். கொடைக்கானல் என்ற நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர். பின்னால் வந்த நகரத்துக்கு வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதை போட்டார்கள், முன்னால் இருந்த ஊர் ரோடு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை, மூட்டை குதிரையில் போகும், நோயாளி டோலியில் போவார்.

அங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் என் ஏசி புராணத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கேஸ் போனா வண்டி ஓடாதா?" என்றார்.

"ஓடும்."

"அப்புறம் என்ன தம்பி?"

பிறகு வீட்டு மூலையைக் காட்டினார். மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர். வாங்கின வருடமே பேட்டரி சார்ஜ் ஏறாமல் போய்விட்டதாம். வாரண்டி கார்டு, கடை முத்திரை, தேதி எல்லாம் பத்திரம். கடைக்காரர், கீழே பெரியகுளத்துக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்கிறார். "எறக்க ஒரு கூலி, ஏத்த ஒரு கூலி. அந்தக் காசுக்கு அதைவிட நல்ல பேட்டரியே வாங்கலாம்" என்றார். பழைய கைநெம்புகோல் ஸ்பிரேயரையே எடுத்து வாஷர் மாற்றி அடித்துக்கொண்டிருக்கிறார். என் வாரண்டி தேதியால் செத்தது, அவருடையது உயிரோடு இருந்தும் பரணில் கிடக்கிறது. எந்த கம்ப்யூட்டரிலும் க்ளோஸ் ஆகாமல், யாருக்கும் பயன்படாமல் இப்படி எத்தனை கார்டுகள் மலைக் கிராமங்களில் இருக்கும்?

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கம்ப்ரசர் விலையில் பெரும் பங்கு அவர்களுடையது, கூலியும் கேஸும் என்னுடையது. பழைய கேஸை இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து, அரைமணி நேரம் வாக்கூம் பிடித்து, முள் அசையவில்லை என்று பார்த்த பிறகு, பானட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடை போட்டு நிரப்பச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி உண்டு. அந்தக் கடைசித் தேதியை பில்லிலேயே எழுதி முத்திரை குத்தித் தரச் சொன்னதற்கு, அந்தப் பையன் மறுபடியும் சிரித்தான். ஆனால் குத்திக் கொடுத்தான்.