உருகியது, மலர்ந்தது, முடிந்தது

குளிர்நாட்டைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கதைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘பனி உருகியது, வசந்தம் வந்தது.’ இடையில் உள்ள ஆறேழு வாரங்களை ஒரு காற்புள்ளி முழுங்கிவிடுகிறது. அந்த வாரங்களில்தான் ஆட்கள் ஏரிக்குள் விழுந்து சாகிறார்கள். எனக்கு இந்தக் காற்புள்ளி மேல்தான் கோபம்.

மினசோட்டாவில் படித்தபோது அறைத்தோழனின் அப்பாவோடு ஒரு மார்ச் மாதம் உறைந்த ஏரிக்குப் போனேன். அவர் கையில் தூண்டிலுக்கு முன்னால் கடப்பாரைதான் இருந்தது. குத்திப் பார்க்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் தெளிந்த புதுப் பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்பது அங்கே பொதுக்கணக்கு. மார்ச்சில் ஓரடி தடிமனையும் நம்ப முடியாது. வெயில் ஏற ஏற, கட்டிக்குள் செங்குத்தாக நிற்கும் படிகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்கின்றன. பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். மிதித்தால் மெழுகுவத்திக் கட்டு மாதிரி பிரிந்துவிடும்.

சட்டத்திலும் தேதி இருக்கிறது. மீன்பிடிக் குடில்களை ஏரியிலிருந்து அகற்ற மாநிலத்தின் தெற்கே மார்ச் முதல் திங்கள், வடக்கே மூன்றாவது திங்கள் கெடு. ஆனால் அது குடிலுக்கான தேதி. அதுவரை பனி தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ‘கடைசிப் பனியில்தான் மீன் நன்றாகக் கடிக்கும்’ என்று வீரம் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மீன் கடிப்பது நிஜம்தான். அதற்காக உயிரைப் பணயம் வைப்பதை வீரம் என்று நாமும் எழுதிக்கொடுக்க வேண்டுமா?

இன்னொரு தேய்ந்த சொல், பொறுமை. மீன்பிடிப்பு என்றாலே தவம், மௌனம் என்று ஆரம்பித்துவிடுகிறோம். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. பனிக்கு அடியில், ஆழத்தில் நீர் சுமார் 4 டிகிரி செல்சியஸ். கிராப்பி மீன்கள் குளிர்காலத்தில் பெரும்பாலும் ஆழத்தில் கிடக்கும். பனி போனதும் காற்று ஏரியை மேலும் கீழுமாகக் கலக்குகிறது. அப்புறம் வெயில் விழும், அடியில் கருஞ்சேறு படிந்த ஆழமற்ற வளைகுடாக்கள் முதலில் சூடேறுகின்றன. மீன் அங்கே நகர்கிறது. மனிதனும் துளையை விட்டுவிட்டுக் கரையில் மிதவையோடு நிற்கிறான். வால்-ஐ மீனுக்கு மட்டும் அவன் மே நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டும். முட்டையிடும் காலத்தில் அதைப் பிடிக்கத் தடை. இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்குப் பெயர் பொறுமை இல்லை, வாசிப்பு.

ஜப்பானின் சுவா ஏரி உறைவதை ஷின்தோ பூசாரிகள் 1443 முதல் குறித்து வந்திருக்கிறார்கள். பின்லாந்து எல்லையில் தோர்னே ஆற்றின் பனி உடையும் நாளை 1693 முதல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு குறிப்புதான். ஆனால் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு. பருவநிலை மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இன்று அந்தக் குறிப்புகளைத்தான் தேடிப் போகிறார்கள். நம் வசந்த வர்ணனைகளை யாரும் தேடப்போவதில்லை.

பனியை எழுதாதே என்று நான் சொல்லவில்லை. போகாத ஊரையும் எழுதலாம், தப்பில்லை. ஆனால் கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குள் கால் வையுங்கள்.