ரத்தத்தில் ஓடுவதல்ல கைத்திறன்

நல்ல மரவேலையைப் பார்த்ததும், ‘ஆசாரிக்கு இதெல்லாம் ரத்தத்திலேயே ஊறியது’ என்று சொல்கிறோம். பாராட்டுப்போல ஒலிக்கும் இந்த வார்த்தையில் சாதி இருக்கிறது. ஒரே ஒரு வேலையை எடுத்துப் பார்த்தாலே அந்தப் பொய் விளங்கிவிடும்.

வளைந்த மரத்தின் விளிம்பில் மோல்டிங் போடுவதை எடுத்துக்கொள்வோம். வட்ட மேசை, வளைவு நிலை, முட்டை வடிவக் கண்ணாடிச் சட்டம் எதுவாகவும் இருக்கட்டும். நேரான பலகை என்றால் ரவுட்டரில் கைடு மாட்டி ஓட்டிவிடலாம். வளைவில் அது உதவாது. பிட்டின் நுனியில் உள்ள பேரிங் விளிம்பைத் தொட்டு உருண்டு வழிகாட்ட வேண்டும். விளிம்பில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் அது அப்படியே மோல்டிங்கில் பதிந்துவிடும்.

மெஷினைப் பிட் சுழலும் திசைக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும். மேசையின் வெளிவிளிம்பில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. சட்டத்தின் உள்விளிம்பில் கடிகாரத் திசை. மாற்றித் தள்ளினால் மெஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடும். இதைவிடச் சிக்கலானது மரத்தின் நார் ஓட்டம். வளைவில் ஓரிடத்தில் பிட் நாரோடு போகும். ஒரு சாண் தள்ளி நாருக்கு எதிராகப் போகும், அங்கே சில்லு பெயரும். அதனால் ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல் இரண்டு மூன்று தடவையாக இறக்குவார்கள். நின்றால் மரம் கருகும், அவசரப்பட்டால் பெயரும்.

இதில் எது பிறப்பில் வருகிறது? கணக்கு, கவனம், முடிவெடுத்தல் என அத்தனையும் பட்டறையில் கற்றவை. இதே சிந்தனை பல்கலைக்கழகத்தில் நடந்தால் ஆய்வு; பட்டறையில் நடந்தால் கைவேலை.

‘ரத்தம்’ என்ற கதை இரண்டு காரியம் செய்கிறது. கற்ற ஆண்டுகளை மறைத்து, ‘பிறவியில் வந்ததற்கு இவ்வளவு கூலியா?’ என்று கேட்க வைக்கிறது. பட்டறைக்கு வரும் தலித் இளைஞரையும் பெண்ணையும் ‘உங்களுக்கு இது வராது’ என்று திருப்பி அனுப்புகிறது.

ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் இந்தக் கதையைச் சட்டகமாக்கியது. 18 தொழில்களும் அதில் ‘குடும்பவழிப் பாரம்பரியத் தொழில்கள்’. தச்சருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சுதார், படாய்’ என்று சாதிப் பெயர்கள். குறைந்தபட்ச வயது 18, அதாவது கல்லூரிக்குப் போகும் வயது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியை எதிர்த்து நின்ற மண்ணுக்கு இதன் வாசனை தெரியாதா?

தமிழ்நாடு அதை ஏற்காமல், 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழில் நிபந்தனை இல்லை. குறைந்தபட்ச வயது 35. சரியான திருத்தம்தான். ஆனால் கடன் கிடைப்பது ஏற்கெனவே தொழில் கற்றவருக்கு. அந்தத் தொழிலை யார் யாருக்குக் கற்றுத்தருகிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆகவே நம் கோரிக்கை இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமின்றி எல்லாப் பிள்ளைகளும் மரவேலை கற்கும் பட்டறைகள் வேண்டும். தச்சரின் மகள் பேராசிரியர் ஆக வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பேராசிரியரின் மகன் ரவுட்டரைப் பிடித்து, அந்தக் கூலியில் கௌரவமாக வாழ முடிய வேண்டும் என்று எத்தனை பேர் சொல்வோம்? அதைச் சொல்லத் தயங்கும்வரை, ‘எல்லாத் தொழிலும் சமம்’ என்பது வெறும் மேடைப்பேச்சுதான்.