‘சார், என்னை வேற செக்‌ஷனுக்கு மாத்துங்க!’ - எறையூர் சிப்காட் தலைமுறை இதை எப்படிக் கேட்கணும்?

பெரம்பலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு எறையூர்னா ரொம்ப காலம் ஒரே அடையாளம்தான்... சர்க்கரை ஆலை. 1970-களில் அரசு கொண்டுவந்த ஆலை. சீசன் வந்தா ரோடு முழுக்க கரும்பு டிராக்டர் நிற்கும். இப்போ அதே ஊர்ப் பேரைச் சொன்னா, ‘க்ராக்ஸ் செருப்பு செய்யறாங்களே, அந்த ஊரா?’ன்னு கேட்கிறாங்க. 2022 நவம்பரில் எறையூர் சிப்காட்டில் ஃபீனிக்ஸ் கோத்தாரி காலணிப் பூங்காவுக்கு முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஒரே வருடத்தில், 2023 நவம்பரில், அங்கே ஜே.ஆர். ஒன் கோத்தாரி ஆலை திறக்கப்பட்டது. பக்கத்து அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் விழுந்தது. 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை, அதில் பெரும்பாலும் பெண்களுக்கு என்பது அறிவிப்பு.

சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமியில் இது பெரிய மாற்றம். ‘உள்ளூர்ல வேலை கிடைக்குமா?’ என்ற கேள்விக்கு ஓரளவு பதில் வந்தாச்சு. அடுத்த கேள்விதான் இப்போ முக்கியம். கிடைச்ச வேலையிலேயே கொஞ்சம் நகர முடியுமா?

நீங்க டிப்ளமோவோ பி.எஸ்ஸியோ பி.காமோ முடிச்சிருப்பீங்க. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலைன்னதும் லைனில் ஆபரேட்டரா சேர்ந்திருப்பீங்க. ஒரு வருஷம் போனதும் கால் வலி பழகிடும். ஆனா ‘இதையேதான் இன்னும் பத்து வருஷம் செய்யணுமா?’ங்கிற யோசனை பழகாது. குவாலிட்டி, சாம்பிள் ரூம், ஸ்டோர்ஸ், மெயின்டெனன்ஸ், டைம் ஆபீஸ்னு அதே காம்பவுண்டுக்குள்ள வேற வேலைகளும் இருக்கு. அங்கே போகணும்னா முதலில் பேச வேண்டியது உங்க சூப்பர்வைசர்கிட்ட. பலர் தயங்கி நிற்பதும் அங்கேதான். தயங்கித் தயங்கி ஒருநாள் மொத்தமா நின்னுடறாங்க. ‘முடியலைன்னா வேலையை விட்டுடு’ன்னு வீட்டில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதே பெண்ணை மறுபடி வேலைக்கு அனுப்ப அதே வீடு எத்தனை வருஷம் எடுத்துக்கும்னு உங்களுக்கே தெரியும்.

சூப்பர்வைசர் ஏன் ‘அப்புறம் பார்க்கலாம்’னு தட்டிக் கழிக்கிறார்? உங்களைப் பிடிக்காமல் இல்லை. பல நேரம் உங்களைப் பிடிச்சதால்தான்! அவர் இடத்தில் நின்னு பாருங்க. நுரை மாதிரி லேசா இருக்கிற இந்த வகைச் செருப்பை அச்சில் செலுத்தித்தான் செய்யறாங்க. அச்சைத் திறந்ததும் பொருள் சட்டுனு உப்பிப் பெரிசாகும். ஆறி, அளவு நிலைக்கணும். பிறகு ஓரம் வெட்டணும், பட்டை மாட்டணும், பார்த்துக் கழிக்கணும், பெட்டியில் அடைக்கணும். இதில் ஒரு கை குறைஞ்சா முன்னாடி இருக்கிறவர்கிட்ட பொருள் குவியும், அடுத்தவர் சும்மா நிற்பார். எந்த ஷூ கம்பெனியிலும் மேலிடம் சூப்பர்வைசரைக் கேட்பது மணிக்கு எத்தனை ஜோடி என்பதைத்தான். வேகமா, தப்பில்லாம வேலை செய்யற ஒருத்தரை அடுத்த டிபார்ட்மென்ட்டுக்குத் தாரை வார்த்தா நஷ்டம் அவருக்கு, லாபம் இன்னொருத்தருக்கு.

ஆக, ‘சார், இங்க முடியல, வேற எங்கயாச்சும் போடுங்க’ன்னு நீங்க சொன்னா, அவர் காதில் விழுவது ‘நாளைக்கு ஒரு ஆள் குறையுது’ என்பது மட்டும்தான். எங்கே போகணும்னு நீங்களும் சொல்லலை. உங்க இடத்தில் யாருன்னு அவருக்கும் தெரியலை.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்க: “சார், லைன்ல சேர்ந்து பதினாலு மாசம் ஆச்சு. டிரிம்மிங், பேக்கிங் ரெண்டும் பார்ப்பேன். க்யூ.சி-ல இடம் வந்தா எனக்கு அங்க போகணும்னு ஆசை. என் இடத்துக்கு வர்ற ஆளுக்கு ரெண்டு வாரம் நானே கத்துக்கொடுத்துட்டுப் போறேன். எப்ப தோதுப்படும்னு நீங்க சொல்லுங்க சார்.”

இதில் கெஞ்சலும் இல்லை, புகாரும் இல்லை. எந்த வேலை, ஏன் தகுதி, காலி இடத்துக்கு என்ன வழி என மூன்றும் வந்துடுச்சு. மூணாவதுதான் அவருக்கு வேண்டியது. அதுக்கு முன்னாடியே ஒரு வேலை செஞ்சு வைக்கலாம். லைன் பக்கத்தில் யாருக்கு எந்த வேலை தெரியும்னு ஒரு சார்ட் நிறைய ஆலைகளில் மாட்டியிருப்பாங்க. அதில் உங்க பேருக்கு நேரா ஒரே ஒரு டிக் இருந்தா, கேட்கும் நேரம் இன்னும் வரலைன்னு அர்த்தம்.

எப்போ கேட்கக் கூடாதுங்கிறதும் இருக்கு. ஷிப்மென்ட் நெருக்கடி, பொங்கல், ஊர்த் திருவிழா, சோளம் ஒடிக்கிற சமயம்னு ஆள் குறையும் நாட்களில் வேண்டாம். ஷிப்ட் தொடங்குற நேரத்தில் அவர் ஆளை எண்ணிக்கிட்டிருக்கும்போது சுத்தமா வேண்டாம். சூப்பர்வைசரைத் தாண்டி நேரா ஹெச்.ஆர்-கிட்ட போறதும் பெரும்பாலும் பலன் தராது. ஹெச்.ஆர் முதல் வேலையா போன் போடுறது அந்த சூப்பர்வைசருக்குத்தான். முதலில் அவர்கிட்ட வாயால சொல்லுங்க, அன்னைக்கே ஹெச்.ஆர்-க்கு நாலு வரியில் எழுதிக் கொடுங்க.

இதெல்லாம் விருப்பத்துக்காக மாற்றம் கேட்கிறவங்களுக்கு. சட்டப்படி பார்த்தா, யாரை எந்த வேலையில் வைக்கிறதுங்கிறது பொதுவா நிர்வாகத்தின் உரிமை. ஆனா சில சூழ்நிலைகளில் நீங்க தயவு கேட்கலை, உரிமையைக் கேட்கிறீங்க. அந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் வேலையை விடறாங்க.

கர்ப்பிணியா இருந்தா, 1961-ம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு துணைக்கு இருக்கு. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரமும், அதுக்கு முந்தைய ஒரு மாதமும் நீங்க கேட்டுக்கிட்டா, கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கிற வேலையோ தரக் கூடாது. லேசான வேலைக்கு மாத்தினாங்கங்கிற காரணத்துக்காக சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடருது.

பாலியல் தொல்லை பத்திப் புகார் கொடுத்திருந்தா, 2013-ம் ஆண்டு சட்டப்படி, விசாரணை நடக்கும்போதே உங்களையோ அந்த நபரையோ வேற இடத்துக்கு மாற்றச் சொல்லி நீங்க உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். குழு பரிந்துரைச்சா நிர்வாகம் செய்தாகணும். ‘அவரை மாத்துங்க’ன்னு கேட்கிற வழி இருக்கும்போது நீங்கதான் மூட்டை கட்டணும்னு யாரும் சொல்ல முடியாது.

எறையூரிலேயே இன்னொரு வித்தியாசம் பாருங்க. சர்க்கரை ஆலை அரசு நிறுவனம். அங்கே ஒரு பணியாளருக்கு வேலைக்காலத்தில் உடல் ஊனம் ஏற்பட்டு, பழைய வேலையைச் செய்ய முடியாமல் போனா, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அதே சம்பள விகிதத்தில் வேற பணிக்கு மாத்தணும். அதே ஊரில் இருக்கிற தனியார் ஆலைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒரே ஊர், ரெண்டு நியாயம். என்னைக் கேட்டா, தனியார் முதலீட்டை இவ்வளவு ஆர்வமா வரவேற்கிற அரசு முதலில் சரிசெய்ய வேண்டிய ஓட்டை இதுதான்.

இப்போ உங்க ஐ.டி. கார்டை எடுத்து கம்பெனி பேரைப் படிங்க. ஆலையின் பேர் இல்லாம மேன்பவர் ஏஜென்சி பேர் இருந்தா, கதையே வேற. காகிதத்தில் உங்க முதலாளி அந்த கான்ட்ராக்டர்தான். ‘கம்பெனி ரோலுக்கு மாத்தறோம்’னு சொன்னாங்கன்னா, அது இடமாற்றம் இல்லை, புது வேலை. ‘முதல்ல ரிசைன் எழுதிக் கொடுத்துடும்மா, அடுத்த வாரம் ஆர்டர் வந்துடும்’ங்கிற பேச்சுக்கு மயங்காதீங்க. ஆர்டர் கையில் வந்த பிறகுதான் ராஜினாமா. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி பணி நியமனக் கடிதம் கட்டாயம். பி.எஃப்-புக்கு பழைய யு.ஏ.என் நம்பரையே கொடுங்க, புதுசா ஒண்ணு உருவாக்க வேண்டாம். கிராஜுவிட்டிக்கான சர்வீஸ் எந்தத் தேதியிலிருந்து கணக்காகும்னும் கேளுங்க.

மறுத்துட்டாங்கன்னா? ‘சரி சார், எப்ப திரும்பக் கேட்கலாம்?’னு ஒரு மாதத்தை வாங்கிக்கிட்டு வாங்க. பெரும்பாலும் அது போதும். உங்களுக்குப் பின்னாடி சேர்ந்தவங்க வேண்டியவர், வேண்டாதவர் பார்த்து மாத்தப்பட்டா மட்டும் அடுத்த படி. இருபது அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருக்கும் நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்கணும்னு தொழில் உறவுகள் தொகுப்பு சொல்லுது. நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருப்பாங்க, முப்பது நாளுக்குள் விசாரணையை முடிக்கணும். உங்க ஆலையில் அந்தக் குழுவில் யார் யார் இருக்காங்கன்னு இன்னைக்கே விசாரிச்சு வைங்க.

ஒப்புக்கிட்டாங்கன்னா சந்தோஷத்தில் உடனே தலையாட்ட வேண்டாம். புது வேலையில் கிரேடு அதேதானா, ஓ.டி. இருக்கா, நைட் ஷிப்ட் வருமான்னு கேளுங்க. பெண்களை இரவு வேலைக்குப் போட அவங்க சம்மதம் வேணும். ஷிப்ட் மாறினா கம்பெனி பஸ்ஸும் மாறும். ராத்திரி பஸ் உங்க ஊருக்குள்ள வந்து இறக்கிவிடுமா, மெயின் ரோட்டோட நிறுத்திட்டுப் போயிடுமான்னு டிரான்ஸ்போர்ட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.