தறியட்டையும் கணிப்பொறிக் கல்வியும்

கல்லூரி வாயில் மிதியாமல் தாமே நிரலெழுதக் கற்ற இளைஞர் பலர். எழுதிய நிரல் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என வினவினால் வாய் திறவார்! அவ்வடிப்படை ஆங்கில நூல்களுக்குள் மட்டுமே அடைந்து கிடப்பதாக எண்ணி அஞ்சுகின்றனர். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், தறிவீட்டிற் பிறந்தவரும் அங்ஙனம் அஞ்சுவதுதான் நகைப்பிற்கிடம்.

தறிமேல் தொங்கும் அட்டையை அவர் நோக்கட்டும். துளையிருப்பின் கொக்கி பாவிழையைத் தூக்கும், இன்றேல் தூக்காது. கணிப்பொறியின் 1, 0 என்பனவும் இவையே. ஓர் ஊடை பாய ஓரட்டை; வரிசையாய்க் கோத்த அட்டைகளே நிரல்; முதலும் முடிவும் இணைந்தால் சுழற்சி. பிரஞ்சு நாட்டுச் சக்கார்டு 1804-இல் அமைத்த பொறியின் அட்டையைத்தான் ஆங்கிலேயர் பாபேசு 1830-களில் தம் கணக்குப்பொறி வரைவிற்கு எடுத்துக்கொண்டார். அப்பொறி முற்றுப்பெறவில்லை, கருத்து நிலைத்தது.

ஆனால், தறி தான் நெய்ததை ஆய்ந்து அடுத்த அட்டையைத் தேர்வதில்லை. விளைவு கண்டு வழிபிரியும் ஆற்றலைப் பாபேசே தம் வரைவிற் சேர்த்தார். தாமே கற்பவர் ஊன்றிக் கற்கவேண்டிய இடம் அது. அதற்கும் ஆங்கிலம் வேண்டுமோ? ‘எழில்’ எனும் தமிழ் நிரல்மொழியில் அவ்வழிபிரிவை ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்னும் சொற்களாலேயே எழுதுகின்றனர். காஞ்சிப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி தொடங்கும் நாளில் மாணவர் கையிற் பழைய தறியட்டையொன்றைக் கொடுக்க என்ன செலவாகும்?